69ஆம் வாசல்: டிஎஃப்டிபி பிறந்த கதை

ஸ்கூடாய்ப் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளி. சனிக்கிழமை, பிள்ளைகள் இல்லை. கணினி அறை மேசையில் எட்டு வெள்ளைப் பெட்டிகளைப் பரப்பி வைத்திருந்தோம். கூரையில் மாட்டி வைஃபை பரப்பும் அக்சஸ் பாயிண்ட். எங்கள் தொழிலில் ஏ.பி. என்போம். ஜொகூர் பாருவில் ஓர் அலுவலகம் இடம் மாறியபோது கழற்றியவை. குப்பைக்குப் போக வேண்டியதைப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் ஒருவர் கேட்டு வாங்கி வந்திருந்தார்.

பெட்டிகளுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் தனியாக வேலை செய்யத் தெரியாதவை. பெரிய அலுவலகங்களில் ஏ.பி.க்கள் எல்லாம் கண்ட்ரோலர் என்ற தலைமை இயந்திரத்தின் சொல் கேட்டு நடக்கும். மின்சாரம் வந்ததும் முதலில் அதைத்தான் தேடும். கிடைக்காவிட்டால் தேடிக்கொண்டே இருக்கும். கண்ட்ரோலர் எங்களுக்கு வரவில்லை. ஆகவே உள்ளே இருக்கும் ஃபர்ம்வேரை எடுத்துவிட்டு, அதே பெட்டிக்கென்று வெளிவந்த, தன் காலில் நிற்கும் பழைய ஃபர்ம்வேரை ஏற்ற வேண்டும்.

ஐந்து முடிந்தன. ஆறாவதில் கோப்பு இறங்கிக்கொண்டிருந்தபோது இடி இடித்தது. பருவக்காற்று மாறும் மாதங்களில் ஜொகூரில் பிற்பகல் மழை எப்படி வரும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மின்சாரம் ஒரு கணம் போய் வந்தது. லேப்டாப் பேட்டரியில் ஓடியது, பெட்டி அணைந்துவிட்டது. திரும்ப எரிந்தபோது ஒரே ஒரு சிவப்பு விளக்கு. உள்ளே இருந்த ஃபர்ம்வேரும் இல்லை, ஏற்ற வந்ததும் இல்லை.

உதவிக்கு வந்திருந்த தம்பி முகம் வாடிப்போனான். “செத்துருச்சாண்ணே?”

சாகவில்லை. ஓர் ஊசியை வாங்கிப் பெட்டியின் ஓரத்தில் உள்ள சிறு துளைக்குள் விட்டு, உள்ளே இருக்கும் பொத்தானை அழுத்தியபடியே கேபிளைச் செருகினேன். அரை நிமிடம் அப்படியே பிடித்திருந்து விட்டேன். லேப்டாப் திரையில் ஒன்றும் வரவில்லை. இரண்டாம் முறையும் இல்லை. பிறகுதான் என் லேப்டாப்பின் ஃபயர்வால் நினைவுக்கு வந்தது. பெட்டி அணைந்து இணைப்பு விட்டுவிட்டு வந்ததில், விண்டோஸ் அதைப் புதிய வலையமைப்பு என்று எண்ணி வாசலை மூடிவிட்டிருந்தது. திறந்துவிட்டு மூன்றாம் முறை அழுத்தினேன். ஒரே ஒரு வரி வந்தது. அந்தப் பெட்டி வலையில் உள்ள எல்லாரையும் நோக்கிக் கேட்கிறது: இந்தப் பெயருள்ள கோப்பு எனக்கு வேண்டும், யாரிடமாவது இருக்கிறதா?

நினைவு அழிந்த ஒரு பெட்டியால் எப்படிக் கேட்க முடிகிறது? அந்தக் கேள்வி கேட்கும் முறைக்கு டிஎஃப்டிபி என்று பெயர். பிறந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. நான் பல நூறு பெட்டிகளை இதைக் கொண்டு எழுப்பியிருக்கிறேன். அது எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்த பிறகு அதன்மேல் எனக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. அதனால் இதை எழுதுகிறேன்.

*

கதை அண்ணனிலிருந்து தொடங்குகிறது. 1971 ஏப்ரலில், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருந்த அபய் பூஷண் என்ற இந்தியர், ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குக் கோப்பை அனுப்பும் முறை ஒன்றை எழுதி வெளியிட்டார். கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் அணியில் படித்தவர் அவர். இணையத்தின் விதிகள் ஆர்.எஃப்.சி. என்ற வரிசை எண் கொண்ட குறிப்புகளாக வெளிவரும். அவருடையது 114ஆம் குறிப்பு. அதுதான் எஃப்டிபி. யார் நீ, கடவுச்சொல் என்ன என்று கேட்கும். கோப்புறையில் என்ன இருக்கிறது என்று பட்டியல் காட்டும். பெயர் மாற்றும், அழிக்கும். பெரிய கணினிகளுக்கு அது பொருத்தமாக இருந்தது.

ஆனால் 1970களின் கடைசியில் எம்.ஐ.டி.யின் கணினி அறிவியல் ஆய்வகத்தில் வேறொரு தேவை எழுந்தது. வலையில் சிறிய கணினிகள் பெருகிவந்தன. எஃப்டிபியின் முழு மூட்டையையும் சுமக்க அவற்றால் முடியாது. கோப்பு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்ச் சேர்ந்தால் போதும் என்ற நிலையில், மற்ற வசதிகளெல்லாம் சுமைதான்.

நோயல் சியாப்பா என்பவர் ஒரு முறையை வகுத்தார். பிறகு அவரும் பாப் பால்ட்வின், டேவ் கிளார்க் ஆகியோரும் சேர்ந்து அதைத் திருத்தி அமைத்தார்கள். கேரன் சாலின்ஸ் எழுத்தில் கொண்டுவந்தார். 1980 தொடக்கத்தில் ஒரு குறிப்பாக வெளிவந்து, 1981 ஜூனில் 783ஆம் ஆர்.எஃப்.சி. ஆனது. பெயரின் முதல் எழுத்து ‘டிரிவியல்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு உரியது. தமிழில் சொன்னால் அற்பமான, சாதாரணமான என்று பொருள். பெற்றவர்களே தங்கள் பிள்ளைக்கு அப்படிப் பெயர் வைத்தார்கள்.

அவர்கள் எதையெல்லாம் சேர்க்கவில்லை என்பதில்தான் அதன் பெருமை எனக்குத் தெரிகிறது. கடவுச்சொல் இல்லை. பட்டியல் இல்லை. அழிக்க, பெயர் மாற்ற வழி இல்லை. படிக்க வேண்டும், எழுத வேண்டும், இதோ தரவு, பெற்றுக்கொண்டேன், பிழை. மொத்தம் ஐந்தே வகைச் செய்திகள். இணையத்தில் நம்பகமாகச் செய்தி சேர்க்கும் டிசிபி என்ற கனமான அடுக்கைக்கூட விட்டுவிட்டு, 1980 ஆகஸ்ட்டில் ஆர்.எஃப்.சி. ஆன யுடிபி என்ற எளிய அடுக்கின்மேல் இதை உட்கார வைத்தார்கள். யுடிபி கடிதத்தைப் பெட்டியில் போடும், சேர்ந்ததா என்று பார்க்காது. சேர்ந்ததா என்று பார்க்கும் வேலையை டிஎஃப்டிபி தானே செய்துகொண்டது. எப்படிச் செய்தது என்பதைச் சொல்ல எனக்கு என் அம்மாதான் நினைவுக்கு வருகிறார்.

அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளி. விடியற்காலையில் வெட்டி, மங்கு மங்காகப் பாலைச் சேர்த்து, காண்டாக் கம்பில் வாளிகளைத் தொங்கவிட்டு ஸ்டோருக்குக் கொண்டுவருவார். அங்கே கிராணி தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். ஒரு வாளி தராசில் ஏறும். கிராணி எடையைப் பார்த்துப் புத்தகத்தில் எழுதுவார். அவர் எழுதி முடித்துத் தலையை ஆட்டிய பிறகே அடுத்த வாளி. இரண்டு வாளியைச் சேர்த்து வைக்க முடியாது. எழுதாமல் விட்ட வாளிக்குக் கூலி கிடையாது என்பதால் அம்மா அந்தத் தலையசைப்புக்காக நிற்பார்.

டிஎஃப்டிபி அப்படியே. கோப்பை 512 பைட் கொண்ட துண்டுகளாக வெட்டும். ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் உண்டு. முதல் துண்டு போகும். “1 பெற்றேன்” என்று பதில் வந்தால்தான் இரண்டாவது புறப்படும். பதில் வராவிட்டால் சற்று நேரம் பார்த்துவிட்டு அதே துண்டை மறுபடி அனுப்பும். எப்போதும் வழியில் ஒரே ஒரு துண்டுதான் இருக்கும். அதனால் அனுப்புபவரும் பெறுபவரும் ஒரு துண்டுக்குமேல் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

கோப்பு முடிந்தது என்பதற்குத் தனிச் செய்தி எதுவும் இல்லை. 512க்குக் குறைவாக ஒரு துண்டு வந்தால் அதுதான் கடைசி. அம்மாவின் அன்றைய கடைசி வாளியும் பெரும்பாலும் அரை வாளியாகத்தான் இருக்கும். அதைப் பார்த்ததும் கிராணி கோடு கிழித்துக் கூட்டிவிடுவார். கோப்பின் அளவு 512ஆல் மீதியின்றி வகுபடும்போது என்ன செய்வது என்றும் யோசித்திருக்கிறார்கள். அப்போது ஒன்றுமே இல்லாத காலித் துண்டு ஒன்று போகும்.

கோப்பு வேண்டும் என்ற முதல் கேள்வி 69ஆம் எண் வாசலுக்கு வரும். கணினியின் வாசல்களுக்கு எண் உண்டு. இதற்கு ஒதுக்கியது 69. ஆனால் அது வெறும் வாசல்தான். கதவைத் தட்டியவுடன் பேச்சு வேறோர் எண் கொண்ட அறைக்கு மாறிவிடும். நடுவில் ஃபயர்வால் இருக்கும் இடங்களில் 69ஐ மட்டும் திறந்துவிட்டு, ஏன் கோப்பு நகரவில்லை என்று இளைஞர்கள் மணிக்கணக்காக விழித்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று: கோப்பை எழுத்து வடிவில் அனுப்புவதா, உள்ளது உள்ளபடி பைட்டாக அனுப்புவதா என்ற தேர்வும் உண்டு. ஃபர்ம்வேரை எழுத்து வடிவில் அனுப்பினால் வரி முடிவுகளை மாற்றி எழுதி, கோப்பைக் கெடுத்துவிடும். இறங்கியது போலத் தெரியும், பெட்டி எழாது.

*

ஃபர்ம்வேர் என்ற சொல்லுக்கும் ஒரு பிறந்த நாள் உண்டு. 1967 ஜனவரியில் ‘டேட்டாமேஷன்’ இதழில் ஆஷர் ஓப்ளர் என்பவர் அதைப் பயன்படுத்தினார். கணினியின் கட்டளைகளையே வரையறுக்கும் அடிமட்ட நிரலை அவர் அப்படி அழைத்தார். வன்பொருளும் இல்லை, மென்பொருளும் இல்லை, இரண்டுக்கும் இடையில் உறைந்து நிற்பது. பின்னாளில் பொருள் விரிந்து, எந்தச் சாதனத்துக்குள்ளும் நிலையாகக் குடியிருக்கும் நிரலுக்கு அது பெயரானது.

முதலில் அந்தக் குடியிருப்பு மாற்ற முடியாததாக இருந்தது. 1971இல் இன்டெல் நிறுவனத்தில் டோவ் ஃப்ரோமன், புற ஊதா ஒளி காட்டி அழிக்கக்கூடிய சில்லைக் கொண்டுவந்தார். அழிக்க வேண்டுமென்றால் சில்லைக் கழற்றி ஒளிப்பெட்டிக்குள் வைக்க வேண்டும். 1984இல் தோஷிபாவின் ஃபுஜியோ மசுவோகா, இருந்த இடத்திலேயே மின்சாரத்தால் பகுதி பகுதியாகத் துடைத்து எழுதக்கூடிய நினைவகத்தை அறிவித்தார். துடைக்கும் வேகம் கேமரா மின்னலை நினைவூட்டியதால் அவருடன் வேலை செய்தவர் அதற்கு ஃபிளாஷ் என்று பெயர் சொன்னார். அன்றிலிருந்து எந்தச் சாதனத்தின் உயிரையும் தொலைவிலிருந்தே மாற்றலாம் என்றானது. கூடவே ஓர் ஆபத்தும் வந்தது. ஃபிளாஷில் எழுதுவதற்கு முன் துடைத்தாக வேண்டும். துடைத்ததற்கும் எழுதி முடித்ததற்கும் நடுவில் மின்சாரம் போனால் பெட்டி எதுவும் அறியாததாகிவிடும். செங்கல் ஆகிவிட்டது என்பார்கள். எங்கள் ஆறாவது பெட்டிக்கு நடந்தது அதுதான்.

அதிலிருந்து காப்பதற்காகவே ஃபிளாஷின் ஒரு மூலையில் சிறு பகுதியை ஒதுக்கி, அதில் பூட்லோடர் என்ற எழுப்பும் நிரலை வைத்துவிட்டு, சாதாரண ஃபர்ம்வேர் மாற்றம் எதுவும் அதைத் தொடாமல் பார்த்துக்கொள்கிறார்கள். இடம் மிகக் குறைவு. அந்த இடுக்கில் வலையோடு பேசவும் தெரிய வேண்டும், கோப்பு கேட்கவும் தெரிய வேண்டும். வேறு எந்த முறையும் நுழைய முடியாத இடத்தில் டிஎஃப்டிபி நுழைந்தது. 1984 ஜூனிலேயே ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ராஸ் ஃபின்லேசன், கணினியை எழுப்ப டிஎஃப்டிபியையே பயன்படுத்தலாம் என்று 906ஆம் ஆர்.எஃப்.சி.யில் எழுதினார். அடுத்த ஆண்டு பில் கிராஃப்ட்டும் ஜான் கில்மோரும், விழித்தெழும் கணினிக்கு அதன் முகவரியையும், எந்தக் கோப்பை எங்கே கேட்க வேண்டும் என்பதையும் சொல்லித்தரும் பூட்பி முறையைத் தந்தார்கள். வட்டு இல்லாத கணினிகள் அந்த இரண்டையும் நம்பி எழுந்தன. அவற்றின் வழியில்தான் ரௌட்டர்களும் சுவிட்சுகளும், பிறகு ஏ.பி.க்களும் வந்தன.

எளிமையிலும் பிழை இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் கதை நியாயமாகாது. முதல் வடிவில் அனுப்புபவர் “பெற்றேன்” என்ற பதில் எத்தனை முறை வந்தாலும் அத்தனை முறையும் அடுத்த துண்டை அனுப்பலாம் என்றிருந்தது. ஒரு பதில் தொலையாமல், தாமதமாக மட்டும் வருகிறது என்று வையுங்கள். காத்திருந்து அலுத்தவர் துண்டை மறுபடி அனுப்பிவிடுவார். இப்போது அந்தத் துண்டுக்கு இரண்டு பதில்கள் வரும். இரண்டுக்கும் அடுத்த துண்டு இரண்டு முறை போகும். அதற்கும் இரண்டு பதில்கள். அங்கிருந்து கோப்பு முடியும்வரை எல்லாமே இரட்டையாக ஓடும். மந்திரவாதியின் சீடன் ஏவிய துடைப்பம் நிறுத்தத் தெரியாமல் தண்ணீர் கொண்டுவந்துகொண்டே இருந்த ஐரோப்பியக் கதையின் பெயரை அந்த நோய்க்கு வைத்தார்கள். மருந்து ஒரே வரி: ஒரே பதில் இரண்டாம் முறை வந்தால் கண்டுகொள்ளாதே. 1989இல் அது கட்டாய விதியானது. 1992 ஜூலையில் 1350ஆம் ஆர்.எஃப்.சி.யாக டிஎஃப்டிபியின் திருத்திய வடிவம் வந்தது. நாம் இன்று பயன்படுத்துவது அதுதான்.

*

வைஃபையும் இதே பேச்சு முறையில்தான் வளர்ந்தது என்பது எனக்குப் பிடித்த இடம். 1971இல் ஹவாய்த் தீவுகளின் கணினிகளை வானொலியால் இணைத்த நார்மன் ஆப்ராம்சனின் அலோஹா வலையிலேயே, அனுப்பு, பதில் வராவிட்டால் சற்றுக் காத்திருந்து மறுபடி அனுப்பு என்பதுதான் விதி. 1985இல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் சில அலைவரிசைகளை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. கடைகளில் பில் போடும் இயந்திரங்களைக் கம்பியில்லாமல் இணைக்க நினைத்த என்.சி.ஆர். நிறுவனம் ஒரு பொது விதியைத் தேடியது. அங்கிருந்த விக் ஹேய்ஸ் தலைமையில் குழு கூடி, 1997இல் 802.11 என்ற நியமம் வெளிவந்தது. வேகம் நொடிக்கு 1 அல்லது 2 மெகாபிட்.

இடையில் 1994இல் காற்றில் பேசும் கணினிகளின் நாகரிகம் பற்றி மக்கா என்ற முறைக்குத் திருத்தமாக மக்காவ் என்ற ஆய்வுக் கட்டுரை வந்தது. பேசலாமா என்று கேள், பேசு என்ற பின் பேசு, கேட்டவர் பெற்றேன் என்று சொல்லட்டும் என்பது அதன் சாரம். அதை எழுதிய நால்வரில் முதல் பெயர் வடுவூர் பார்கவன். பறவைகள் வந்து தங்கும் ஏரியுள்ள வடுவூரைப் பெயரின் முன்னால் சுமந்தவர். 2002இல் மேரு நெட்வொர்க்ஸ் என்ற வைஃபை நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவர். கண்ட்ரோலர்களின் காலம் பிறந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. கீர்த்தி மேல்கோட்டே அரூபா நிறுவனத்தைத் தொடங்கியதும் அதே 2002இல்தான்.

அதற்கு முன் ஒவ்வொரு ஏ.பி.யும் தனி ஆள். 1999 நவம்பரில் சிஸ்கோ நிறுவனம் வாங்குவதாக அறிவித்த ஏரோநெட்டின் பெட்டிகள் அப்படிப்பட்டவை. ஐம்பது பெட்டி உள்ள கட்டடத்தில் கடவுச்சொல்லை மாற்ற ஐம்பது முறை உள்ளே நுழைய வேண்டும். அந்த அலுப்பிலிருந்து கண்ட்ரோலர் பிறந்தது. 2005இல் சிஸ்கோ ஏர்ஸ்பேஸ் நிறுவனத்தை வாங்கிய பிறகு ஏரோநெட் பெட்டிகளுக்கு இரண்டு விதமான ஃபர்ம்வேர் கிடைத்தது: தனியாக நிற்பது ஒன்று, கண்ட்ரோலருக்குக் கீழ்ப்படிவது ஒன்று. கோப்பின் பெயரில் ‘டபிள்யூ7’ என்று இருந்தால் முதல் வகை, ‘டபிள்யூ8’ என்றால் இரண்டாவது. ஓர் எண்தான் வித்தியாசம். அவசரத்தில் மாற்றி ஏற்றிவிட்டால் பெட்டி ஒழுங்காக எழுந்து மறுபடி தலைவரைத் தேட ஆரம்பிக்கும்.

அந்தப் பழைய ஏரோநெட் வகையில் மீட்பு எப்படி நடக்கும் என்பது தொழிலில் உள்ளவர்களுக்கு மனப்பாடம். லேப்டாப்புக்கு 10.0.0.2இலிருந்து 10.0.0.30க்குள் ஒரு முகவரி. கோப்பின் பெயர் பெட்டி எதிர்பார்க்கும் அதே பெயராக, ‘டீஃபால்ட்’ என்று முடிய வேண்டும். ‘மோட்’ பொத்தானை அழுத்தியபடி மின்சாரம் கொடுத்து, 20, 30 நொடிகளில் விளக்கு சிவப்பானதும் விட வேண்டும். பெட்டி 10.0.0.1 என்று தனக்குத் தானே பெயரிட்டுக்கொண்டு வலை முழுவதும் கூவும். கோப்பின் பெயரில் ஓர் எழுத்து பிழைத்தாலும் கிடைக்காது. விண்டோஸ் கோப்பின் கடைசிப் பகுதியை மறைத்து வைப்பதால், நாம் மாற்றிவிட்டதாக நினைத்த பெயரின் வாலில் பழைய பெயர் ஒட்டிக்கொண்டிருப்பதும் உண்டு. பெட்டி ஏன் ஏற்கவில்லை என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் பார்க்கச் சொல்வது அதைத்தான்.

வீட்டு ரௌட்டர்களிலும் இதே வாசல் திறந்திருந்தது. 2002 டிசம்பரில் வந்த லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி உள்ளே லினக்ஸ் இருப்பதை 2003இல் ஆண்ட்ரூ மிக்லாஸ் சுட்டிக்காட்ட, நிறுவனம் மூல நிரலை வெளியிட வேண்டியதாயிற்று. அதன் தொடர்ச்சியாக 2004இல் ஓப்பன்டபிள்யூஆர்டி தொடங்கியது. எழும்போது சில நொடிகள் டிஎஃப்டிபிக்காகக் காத்திருக்கும் வசதியை இயக்கி வைத்தவர்கள் பயமில்லாமல் சோதனை செய்தார்கள். கெட்டுப்போனாலும் திரும்ப எழுப்பலாம் என்ற அந்தத் தைரியம் இல்லாமல் அந்த இயக்கம் அவ்வளவு பரவியிருக்காது என்றே நினைக்கிறேன்.

டிஎஃப்டிபிக்கு வயதானதும் தெரிகிறது. துண்டின் வரிசை எண்ணுக்கு 16 பிட் இடம்தான். 65,535க்கு மேல் எண்ண முடியாது. 512ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 32 மெகாபைட். 1981இல் அது கடல். இன்றைய ஏ.பி. ஃபர்ம்வேர்கள் பல அதைத் தாண்டிவிட்டன. துண்டின் அளவைப் பேசி முடிவு செய்யும் வசதியை 1990களில் சேர்த்தார்கள். எண் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து எண்ணும் நிரல்களும் உண்டு. பழைய டிஎஃப்டிபி சர்வர் ஒன்றை வைத்துக்கொண்டு புதிய பெட்டிக்குக் கோப்பு அனுப்பினால், நன்றாக ஓடி 32 மெகாபைட்டில் நின்றுவிடும். கேபிளை மாற்றுவார்கள், பெட்டியை மாற்றுவார்கள். மாற்ற வேண்டியது சர்வரை.

கடவுச்சொல் இல்லாத வாசலால் கெடுதலும் வந்திருக்கிறது. 2003 ஆகஸ்ட்டில் பரவிய பிளாஸ்டர் புழு, தாக்கிய கணினிக்குள் தன்னைக் கொண்டுபோக டிஎஃப்டிபியைத்தான் பயன்படுத்தியது. அதனால் நம் வேலை முடிந்ததும் லேப்டாப்பில் ஓடும் டிஎஃப்டிபி சர்வரை அணைத்துவிட வேண்டும். பழைய ஃபர்ம்வேரைப் போடுவதும் எல்லா இடத்துக்கும் ஏற்றதல்ல. 2017 அக்டோபரில் மேதி வான்ஹூஃப் வெளியிட்ட கிராக் என்ற ஓட்டை, டபிள்யூபிஏ2 பூட்டு போட்ட எல்லா வைஃபைக்கும் பொருந்தியது. அதை அடைத்த பதிப்பு வந்திருந்தால் அதற்கு முந்தியதைப் போடக் கூடாது. பள்ளியில் நாங்கள் அந்தப் பெட்டிக்கு வெளிவந்த கடைசிப் பதிப்பையே எடுத்தோம். தயாரிப்பாளர் வெளியிட்ட சரிபார்ப்பு எண்ணோடு கோப்பை ஒப்பிட்டுப் பார்த்தோம். அலுவலகக் கோப்புகளும் ஆசிரியர் கணக்குகளும் போகும் கம்பியை அதிலிருந்து பிரித்து வைத்தோம். பிள்ளைகள் பாடக் காணொளி பார்க்கும் வலை தனி. இவ்வளவும் செய்ய மனமில்லாதவர் பழைய பெட்டியை மாட்டாமல் இருப்பதே நல்லது.

இன்றைய பெட்டிகள் வேறு விதமான நம்பிக்கையில் நிற்கின்றன. கோப்பில் தயாரிப்பாளரின் கையொப்பம் இருக்கிறதா, கையொப்பத்தின் சான்றிதழ் இன்னும் செல்லுமா என்று பார்த்த பிறகே ஏற்கும். திருட்டு ஃபர்ம்வேர் நுழையாமல் இருக்க அது வேண்டும்தான். ஆனால் சான்றிதழுக்கு முடிவுத் தேதி உண்டு. 2022 டிசம்பர் 4ஆம் தேதி சிஸ்கோவின் பழைய ஏ.பி. ஃபர்ம்வேர்களில் இருந்த அத்தகைய சான்றிதழ் ஒன்று காலாவதியானது. அதன் பிறகு கண்ட்ரோலரிலிருந்து ஃபர்ம்வேர் இறக்க முயன்ற பெட்டிகள் இறக்கிக்கொண்டே நின்றன. திருத்திய பதிப்பு கிடைக்கும்வரை சொல்லப்பட்ட மாற்று வழி, கண்ட்ரோலரின் கடிகாரத்தை அந்தத் தேதிக்கு முன்னால் திருப்பி வைப்பது. உலகத்தின் பல மூலைகளில் பொறியாளர்கள் நாட்காட்டியைப் பின்னால் தள்ளிவிட்டுத் தங்கள் பெட்டிகளை எழுப்பினார்கள். பெட்டியின் இரும்பும் சில்லும் அப்படியே இருக்க, ஒரு தேதி மட்டும் அதைக் குப்பையாக்கிவிட முடிகிறது. தயாரிப்பாளர்கள் ஆதரவை நிறுத்தும் நாளில் கடைசிப் பதிப்பையும் அதை ஏற்றும் வழியையும் பொதுவில் விட்டுச் செல்ல வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். மலேசியாவில் 2005ஆம் ஆண்டு விதிகள் மின்னணுக் கழிவை எஸ்டபிள்யூ110 என்ற எண்ணில் ஆபத்தான கழிவாகப் பட்டியலிட்டிருக்கின்றன. சாதாரணக் குப்பைத் தொட்டியில் போடவே கூடாது. அந்தப் பட்டியலில் சேர்வதற்கு முன், ஒரு வகுப்பறையின் கூரையில் இன்னும் சில ஆண்டுகள் இருக்கத் தகுதியான பெட்டிகள் எத்தனையோ.

*

ஆறாவது பெட்டிக்குத் திரும்புகிறேன். கோப்பு 6 மெகாபைட்டுக்குச் சற்று மேல். அதாவது பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட துண்டுகள், அத்தனை “பெற்றேன்”கள். மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. இந்த முறை பெட்டியின் மின்சாரத்தைத் தலைமையாசிரியர் அறையிலிருந்து எடுத்துவந்த யுபிஎஸ் மூலம் கொடுத்திருந்தோம். பள்ளி டீச்சர் ஒருவர் தானே தூக்கிவந்து வைத்துவிட்டு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் துண்டு எண்கள் ஏறின. தம்பி எண்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சர்வரின் கடைசி வரியைக் காட்டினேன். அதற்கு முன் வந்த எல்லாத் துண்டும் 512. இது 208.

“ஏண்ணே கொறைஞ்சு போச்சு?”

“அரை வாளி. அவ்வளவுதான் பால்.”

பெட்டி துடைத்து எழுதிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுத்தது. சிவப்பு அணைந்தது. விளக்கு ஒன்றும் எரியாமல் இருந்த அந்தச் சில நொடிகளில் மூவருமே பேசவில்லை. பிறகு பச்சை சிமிட்டியது. டீச்சர் “வந்துருச்சுங்களா?” என்றார். தம்பி வெள்ளை நாடாவைக் கிழித்து, அதில் தேதியையும் ஃபர்ம்வேரின் எண்ணையும் எழுதிப் பெட்டியின் முதுகில் ஒட்டினான். நான் ஊசியைத் துடைத்துவிட்டு ஏழாவதை எடுத்தேன்.